சாவுப் பலகை உட்பட

ஆண்டியப்பன் தாத்தா சாகத் தயாராக இருந்தார். தடையாக இருந்தது நான் எழுதிய நாலாம் இலக்க உத்தரவுதான்.

இப்படித் தொடங்கலாமா என்று தெரியவில்லை. நோர்வூட்டில் மாலை வகுப்பு நடத்தும் றோலண்ட் மாஸ்டர், அன்றாடக் குறிப்பை இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறார். மேலே நடந்தது, கீழே நினைத்தது. இரண்டும் கலந்தால் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். ஸ்ட்ரைக் காலத்தில் எனக்கு இரண்டும் கலந்துபோயின. அதனால் முதலிலிருந்து வரிசையாகவே சொல்கிறேன்.

எங்கள் குருவிமலைத் தோட்டத்துக்குப் மேலாளராகப் புதிதாக வந்த துரை, நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னாலிருந்த மாட்டுப் பட்டிகளை உடைத்துவிட்டு அங்கேயும் தேயிலை நடவேண்டும் என்றார். தோட்டக் கமிட்டி கூடி, வேலைக்குப் போவதில்லை என்று தீர்மானித்தது. கமிட்டி கடைசியாகச் செய்த தீர்மானம் அதுதான். மறுநாள் காலையில் தலைவர் பழனியாண்டி கமிட்டியைக் கலைத்துவிட்டார்.

"இது யுத்தம்," என்றார். "யுத்த காலத்துல கையத் தூக்குறது, எண்ணிப் பாக்குறது எல்லாம் கெடையாது. ஒருத்தன் சொல்லணும், மத்தவன் செய்யணும்."

தலைவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்காரர். பெரிய யுத்தத்தின்போது தியத்தலாவை இராணுவ முகாமில் இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று அவர் சொன்னதில்லை. திரும்பி வரும்போது கணுக்கால்வரை தொங்கும் காக்கிக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஸ்ட்ரைக் தொடங்கிய நாளிலிருந்து வெயிலிலும் அதைக் கழற்றவில்லை.

கமிட்டிச் செயலாளர் வீரய்யா, ஸ்ட்ரைக் தொடங்கிய அன்றே பெரியம்மா செத்துப்போனதாகச் சொல்லிப் பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறினார். திரும்பவில்லை. அந்தப் பெரியம்மா அடுத்த வாரம் ஹட்டன் சந்தையில் மரவள்ளிக்கிழங்குக்கு விலை பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. எழுதத் தெரிந்த ஆம்பளைகள் எல்லோருக்கும் திடீரென்று கைவலி வந்தது. அப்படித்தான் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமியாகிய நான் யுத்தச் செயலாளர் ஆனேன்.

"எழுதத் தெரிஞ்சா எவன் கூப்பிட்டாலும் போயிடுறதா?" என்றாள் அம்மா.

"மாமாதானே கூப்பிட்டாரு."

அவர் எனக்கு மாமா முறை. ஆனால் முதல் நாளே, "யுத்த காலத்துல மாமன் மச்சான் கெடையாது, தலைவர்னு கூப்பிடு," என்று சொல்லிவிட்டார்.

எங்கள் தலைமையகம் பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. வேலையில்லாததால் பூட்டிக் கிடந்ததைத் தலைவர் கைப்பற்றினார். குழந்தைகள் இல்லை. தொட்டில்கள் மட்டும் வரிசையாகத் தொங்கின. ஆயாவின் ஸ்டூலில் உட்கார்ந்து நான் எழுதுவேன். தலைவர் தொட்டில்களுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தபடி சொல்லுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தொட்டில் முகத்தில் மோதும். அவர் அதை விலக்கமாட்டார், குனியவும் மாட்டார்.

முதலாம் இலக்க உத்தரவு, ரோட்டு வளையும் முடக்கில் ஒருவர், அடித்து எச்சரிக்கப் பிஸ்கட் தகரத்தோடு காவல் நிற்கவேண்டும் என்பது. இரண்டாவது, இருட்டியபின் லயங்களில் வெளிச்சம் தெரியக் கூடாது. எதிரியிடம் விமானம் இல்லையே என்று நான் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் எப்படியும் யாரிடமும் இல்லை. மூன்றாவது, பங்களாத் துணி வெளுக்கும் டோபியோடு யாரும் பேசக் கூடாது, அவர் ஒற்றர். டோபிக்குக் காது கேட்காது என்பதை எழுதவா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்து, விட்டுவிட்டேன்.

நாலாவது இது.

"எழுது. எதிரிகிட்டேருந்து யாரும் எதையும் வாங்கப்படாது. அரிசி வாங்கப்படாது, மருந்து வாங்கப்படாது. ஒரு ஆணிகூட வாங்கப்படாது."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதை எழுதினாலும் விட்டுப்போனது என்ன என்று தேடுவேன்.

"தலைவரே, சாவுப் பலகை?"

தோட்டத்தில் யார் இறந்தாலும் பெட்டி செய்யப் பலகையைத் தோட்டமே கொடுக்கும். செத்தவர் வீட்டு ஆம்பளை ஒருவர் ஆபீசுக்குப் போய்ச் சொன்னால் பெரிய கிளாக்கர் துண்டு எழுதித் தருவார், துரை கையெழுத்துப் போடுவார், தச்சுப் பட்டறையில் பலகையை வாங்கிக்கொள்ளலாம். சண்டை போடாமல் தோட்டத்திடமிருந்து எங்களுக்குக் கிடைத்து வந்த ஒரே சாமான் அதுதான்.

தலைவர் நின்றார். ஒரு தொட்டில் அவர் காதைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனது.

"யுத்தம் முடியிற வரைக்கும் நம்ம பக்கம் எவனும் சாகமாட்டான். எழுது."

"அப்போ பலகையும் வாங்கப்படாதுன்னு போடவா?"

"உட்படன்னு போடு."

'சாவுப் பலகை உட்பட' என்று போட்டேன். எழுத்து அழகாகவே வந்திருந்தது. தலைவர் அதைச் சுவரில் வைத்து நாலு மூலையிலும் பெரிய ஆணியாக அடித்தார். சிறிய ஆணிக்கு மரியாதை இல்லை என்பது அவருடைய எண்ணம்.

தலைவருடைய வீடு பிள்ளைக் காம்பராவை ஒட்டிய லயத்தில் முதல் காம்பரா. கமிட்டிக் கொடி கட்டியிருந்த அதன் வாசலில் சாக்கு விரித்து ஆண்டியப்பன் தாத்தா படுத்திருப்பார். தலைவருக்கு மாமனார், அழகம்மா அத்தைக்கு அப்பா. தேயிலை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போட்டே நெஞ்சு புகைந்துபோனவர். வயதாகி வேலையிலிருந்து நின்று பல வருசமாகிறது. டாக்டர் கையை விரித்துவிட்டார். தாத்தாவுக்கு அதில் வருத்தம் இல்லை. அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

"அந்த அடுப்பு எத்தன மரத்தத் தின்னுருக்கும், சொல்லு," என்பார். "அம்புட்டும் என் கையால போட்டது. எனக்குன்னு வர்றது நாலஞ்சு பலகை. அது தொரை கையெழுத்தோட வரணும். பாயில சுருட்டி என்னைத் தூக்கிட்டுப் போனீங்க, குழியிலேருந்து எந்திரிச்சு வந்துருவேன்."

உத்தரவு சுவரில் ஏறியதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு நான் அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"ஏ புள்ள, செக்கட்டரி! சண்டை எப்ப முடியும்?"

"தெரியல தாத்தா."

"சட்டுனு முடிக்கச் சொல்லு. என்னால ரொம்ப இழுத்துக்கிட்டு இருக்க முடியாது. இல்லாட்டி எனக்கு மட்டும் ஒரு வரி எழுதிக் குடேன்."

"தலைவர் சொன்னாத்தான் தாத்தா எழுதலாம்."

"தலைவனா? தியத்தலாவையில சமையக்கட்டுல வெங்காயம் உரிச்ச பய. எம்மகளக் கட்டிக்கிட்டப்போ தாலி பூரா வெங்காய வாசம்."

சுவருக்கு அந்தப் பக்கம் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்லுவார். அவர் உரக்கச் சொல்லச் சொல்லத் தாத்தாவும் உரக்கத் திட்டுவார். மாட்டுக்கு வக்கீல் என்பார். தொட்டில்ல கெடக்க வேண்டிய தலைவன் என்பார். லயத்துப் பெண்கள் வேலை இல்லாவிட்டாலும் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்கு அந்த வழியாகவே போனார்கள்.

ஒரு நாள் காலையில் தலைவர் காவலைப் பார்வையிட்டுவிட்டு மேட்டில் ஏறி வந்தார். தாத்தா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அழகம்மா, வெளிய வந்து பாரு. கோட்டு நடந்து வருது. உள்ள ஆளக் காணோம்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைவர் உள்ளே வந்து கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். மற்றத் திட்டுகளுக்கெல்லாம் காட்டாத முகத்தை அன்றைக்குக் காட்டினார். அன்று அவர் உத்தரவு எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் தச்சுவேலை செய்யும் செல்லசாமி அண்ணன் மாட்டிக்கொண்டார். அவருடைய சின்ன மகளுக்குக் கக்குவான் இருமல். அண்ணன் தோட்டத்து மருந்துச் சாலையில் ஒரு போத்தல் மருந்து வாங்கிவிட்டார். பிஸ்கட் தகரம் அடித்தது. தலைவர் ஒன்பதாம் இலக்க உத்தரவைச் சொன்னார். செல்லசாமி வீட்டோடு நெருப்பு, தண்ணீர், பேச்சு எதுவும் கிடையாது.

"புள்ளைக்குத்தானே தலைவரே வாங்குனாரு?"

"நாலாம் இலக்கத்துல புள்ளைக்கு மட்டும்னு இருக்கா? நீதானே எழுதுன?"

எழுதினேன். அன்றைய குறிப்பில் 'நினைத்தது' என்ற பகுதியில் நிறைய எழுதி அடித்து, கடைசியில் 'தெரியவில்லை' என்று மட்டும் விட்டுவைத்தேன்.

பறிக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றி மலை முழுவதும் கரும்பச்சையாகிக்கொண்டிருந்தது. துரையும் இறங்கவில்லை, தலைவரும் இறங்கவில்லை. தாத்தாவால்தான் மேற்கொண்டு இழுக்க முடியவில்லை. ஒரு நாள் விடிகிற நேரத்தில் அழகம்மா அத்தையின் அழுகை கேட்டது.

நான் போனபோது தலைவர் பிள்ளைக் காம்பராவில் நாலாம் இலக்க உத்தரவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த உட்படங்கிறத எவன் சேர்க்கச் சொன்னான்?"

"நீங்கதான் தலைவரே."

"எவனும் சாகமாட்டான்னு சொன்னேன்ல?"

"அதையும் அன்னைக்கே குறிப்புல எழுதியிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், வீரய்யாவின் பெரியம்மா எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்குப் புரிந்தது.

அதற்குள் அழகம்மா அத்தை தலைவிரி கோலமாக வந்து நின்றாள். அழுது முடித்திருந்தாள். கையில் கத்தி இருந்தது.

"எங்கப்பனுக்குப் பலகை வருமா, வராதா?"

"அழகு, கொஞ்சம் பொறு. உத்தரவு இருக்கு."

"நீ உத்தரவ வச்சுக்க. எனக்குப் பின்னால பட்டி இருக்கு. நல்ல பலகை, நீயே அடிச்சது. ஒடச்சுப் பொட்டி செஞ்சுக்கிறேன். அப்புறம் எதுக்குடா சண்டை போடுறோம்னு ஒக்காந்து யோசி."

துரை உடைக்கச் சொன்ன பட்டியைத் தலைவர் வீட்டுப் பெண்பிள்ளையே உடைத்தால் யுத்தம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

"செக்ரட்டரி, பென்சில எடுத்துக்கிட்டு வா," என்றார்.

ஆபீசுக்கு இறங்கினோம். முடக்கில் காவல் நின்றவர் எங்களைப் பார்த்துத் தகரத்தை அடிப்பதா வேண்டாமா என்று குழம்பி, பாதி அடி அடித்தார்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஓகோ, ஜெனரல் நேரில வந்திருக்கிறார். சரணடையவோ?"

"மாமனார் செத்துட்டாருங்க ஐயா. பலகைக்குத் துண்டு வேணுங்க."

"ஆண்டியப்பனோ? பாவம் மனுசன்." கிளாக்கரின் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு சுவரைக் காட்டினார். "எண்டாலும் அதைப் பாரும். ஸ்ட்ரைக்காரருக்குத் தோட்டத்திலயிருந்து ஒண்டும் குடுக்கக் கூடாது எண்டு துரையின்ர ஓடர்."

பார்த்தேன். அரிசி இல்லை, மருந்து இல்லை, சாமான் எதுவும் இல்லை. எங்கள் உத்தரவும் அவர்கள் உத்தரவும் அண்ணன் தம்பி போல இருந்தன. அவர்களுடையது டைப் அடிக்கப்பட்டிருந்தது. மற்றபடி எங்களுடையதுதான் தெளிவு.

"அவரு ஸ்ட்ரைக்காரர் இல்லைங்க ஐயா," என்றார் தலைவர். "வேலைய விட்டு ரொம்ப வருசம் ஆச்சுங்க."

"உம்மட வீட்டில இருந்தவர். உம்மட கொடி அவற்ற தலைக்கு மேல பறக்குது. பிறகென்ன?"

"கொடிக்குக் கீழதாங்க இருந்தாரு. ஆனா…" தலைவர் கோட்டின் பித்தானைத் திருகினார். "எனக்கு எதிர்க்கட்சிங்க."

"எதிர்க்கட்சியோ? அதுக்கு என்ன சாட்சி?"

"தெனம் என்னையத் திட்டுவாருங்க."

"என்னெண்டு திட்டினவர்? சும்மா சொன்னா எழுதேலாது."

தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "வெங்காயம் உரிச்ச பயன்னாருங்க."

பக்கத்து மேசையில் இருந்த சின்னக் கிளாக்கர் இருமினார்.

"வேற?"

"மாட்டுக்கு வக்கீல்னாரு. தொட்டில்ல கெடக்க வேண்டியவன்னாரு."

சின்னக் கிளாக்கரின் இருமல் அடங்கவில்லை. உள் அறைக் கதவு திறந்தது. துரை வந்து நின்றார். பூட்சு மட்டும் வயதானது, ஆள் இளசு. தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் பழகியிருந்தார்.

"என்னா சத்தம் இது?"

பெரிய கிளாக்கர் இங்கிலீசில் விளக்கினார். வெங்காயம் வந்த இடத்தில் துரை கையை உயர்த்தி நிறுத்தி, தலைவர் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு, மேன். இன்னொரு தரம்."

தலைவர் மறுபடியும் முழுவதையும் சொன்னார். வரிசைகூட மாறவில்லை. துரை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெசமா?"

றோலண்ட் மாஸ்டரின் வகுப்பில் இதற்குப் பாடம் கிடையாது. ஆமாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கில் படுத்திருந்தவருக்கு இன்று துண்டு கிடைக்காவிட்டால் இனிக் கிடைக்கப்போவதில்லை. என் கெட்ட பழக்கமும் என்னை விடவில்லை.

"நெசந்தாங்க. ஒண்ண விட்டுட்டாருங்க."

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்தாரா, சொல்லட்டும் என்று விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரே சொன்னார்.

"கோட்டு நடந்து வருது, உள்ள ஆளக் காணோம்னாருங்க."

தலைவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை. மூக்கை மட்டும் கோட்டுக் கையில் துடைத்தார். சின்னக் கிளாக்கர் இருமலை நிறுத்திவிட்டார். துரை ஏனோ தன் கோட்டை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"குடு," என்று கிளாக்கரிடம் சொன்னார். துண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

பலகைகளைத் தலைவரே தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். துண்டு என் கையில் இருந்தது. ஏறிய கையோடு செல்லசாமி அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"நான் நீங்க ஒதுக்கி வச்ச ஆளுங்க தலைவரே. என் கை பட்ட பொட்டியில ஒங்க மாமனாரு போகலாங்களா? ஒம்பதாம் இலக்கம் என்ன ஆகும்?"

"நாகு, அதக் கிழிச்சுரு."

யுத்தம் தொடங்கியபின் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கிழிக்கிறது அப்புறம்," என்றார் செல்லசாமி அண்ணன். "மொதல்ல என் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிங்க."

தலைவர் பலகையை இறக்கி வைத்துவிட்டு, லயமே பார்க்கச் செம்பை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அண்ணன் உளியை எடுத்தார்.

பலகை அறுத்தாகிவிட்டது, இழைத்தாகிவிட்டது. பொருத்தும் நேரத்தில் அண்ணன் நிமிர்ந்தார்.

"ஆணி?"

துண்டை எடுத்துப் பார்த்தேன். பலகை என்று மட்டும்தான் இருந்தது. பெரிய கிளாக்கர் ஆணி என்று எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லை. விட்டுப்போனதைத் தேடும் புத்தி அங்கே மட்டும் வேலை செய்யவில்லை.

"மறுபடி போய்க் கேக்கவா?" என்றேன்.

"இன்னொரு தரம் எல்லாத்தையும் நான் சொல்லணுமா?" என்றார் தலைவர்.

சுத்தியலை வாங்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குள் போனார். சுவரிலிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முதலாம் இலக்கம் விழுந்தது, டோபியின் இலக்கம் விழுந்தது. நாலாம் இலக்கத்தின் ஆணிகள்தான் லேசில் வரவில்லை, அவ்வளவு பலமாக அடித்திருந்தார். கை நிறைய ஆணியோடு வெளியே வந்தார்.

"போதுமா பாரு."

"பெரிய ஆணியா இருக்கே," என்றார் செல்லசாமி அண்ணன். "பெரியவரு எந்திரிச்சு வரமாட்டாரு."

அழகம்மா அத்தை முதல் தடவையாகச் சிரித்துவிட்டு, உடனே மறுபடியும் அழத் தொடங்கினாள். துரை கையெழுத்துப் போட்ட துண்டைத் தாத்தாவின் சட்டைப் பையில் வைத்தாள். குளிருக்குத் தலைவருடைய கோட்டைப் போர்த்தலாமே என்று யாரோ சொன்னார்கள்.

"அது அவருக்குப் புடிக்காது," என்றார் தலைவர்.

தப்பு மேளம் முழங்கத் தூக்கிப்போய் அடக்கம் செய்தோம். பெட்டியை இறக்கும்போது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆட்டமே இல்லாத பெட்டி.

காரியம் முடிந்த அடுத்த நாள் தலைவர் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். நான் கீழே விழுந்து கிடந்த உத்தரவுகளை இலக்கப்படி அடுக்கியிருந்தேன், ஒன்பதாவதைத் தவிர. அவர் வழக்கம்போல நடக்கத் தொடங்கினார்.

"எழுது. இன்னையிலேருந்து…"

எழுதத் தயாரானேன். அவர் சுவரைப் பார்த்தார். சுவர் முழுவதும் ஓட்டைகள்.

"சோத்துப் பசை போட்டு ஒட்டட்டுமா தலைவரே?"

ஒரு ஓட்டையை விரலால் தடவினார்.

"சோறு மிச்சம் இருக்குற வீடு எது இப்போ? வேணாம். நீ போய் கமிட்டி ஆளுங்களக் கூப்பிடு. செல்லசாமியையும் கூப்பிடு. அவுங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம்."

நான் எழுந்தேன். அவர் திரும்பினார். எதிரே தொட்டில் வந்தது. இந்தத் தடவை குனிந்துகொண்டார்.